மூக்கில் சந்தனம், காலில் ஆணி

என் காலில் ஆணி ஏறியது எனக்குத் தெரியாது. நான் நின்றுகொண்டிருந்த பலகைக்குத்தான் அது முதலில் தெரிந்தது. அடுத்தபடியாக, என்னோடு வேலை செய்யும் சுனிலுக்குத் தெரிந்தது. கால் என்னுடையதாக இருந்தும் சேதி எனக்குக் கடைசியாகத்தான் வந்தது.

இதை எழுதச் சொன்னவர் ஆஸ்பத்திரி வோர்ட்டில் எனக்கு மருந்து கட்டிய நர்ஸ் மிஸ். நான் கட்டிலில் கிடந்து சொன்ன கதைகளைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாக, எழுதி வைத்தால் யாருக்காவது ஒரு கால் மிஞ்சும் என்றார். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அது பொய். ஒதுங்கியிருக்கிறேன். மழை விட்டதும் வந்துவிட்டேன். அதனால் நான் சொல்லச் சொல்ல மச்சானின் மகள் எழுதினாள். பிழைகளை அவளே திருத்திவிட்டாள். என் கோமாளித்தனத்தை மட்டும் திருத்த முடியவில்லையாம்.

இரத்தோட்டைக்குப் போகும் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் எனக்கு வேலை. மரப்பெட்டியும் பேலட்டும் அடிப்போம். பேலட் என்றால் மூட்டைகளை அடுக்கித் தூக்குகிற பலகைத் தட்டு. மிளகும் கராம்பும் கப்பலுக்குப் போவது அதன் மேல்தான். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். மாத்தளை டவுனில் பரம்பரையாகக் கடை வைத்திருக்கிற குடும்பம். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத முதலாளி. அப்படியும் உலகத்தில் இருக்கிறார்கள்.

முன்பு சுத்தியலால்தான் அடித்தோம். பிறகு ஹாஜியார் காற்றில் ஓடும் ஆணித் துவக்கு வாங்கினார். கொம்பிரசரில் நிறையும் காற்று குழாய் வழியாக வந்து, விசையை அழுத்தியதும் ஆணியை ஒரே அடியில் மரத்துக்குள் இறக்கிவிடும். அதற்கு ஒரு மூக்கு உண்டு. அந்த மூக்கு மரத்தில் அழுந்தி உள்ளே போனால்தான் விசை வேலை செய்யும். மரத்திலிருந்து எடுத்ததும் ஸ்பிரிங் அதை வெளியே தள்ளிவிடும். மூக்கு வெளியே இருக்கும்போது என்னதான் விசையை அழுத்தினாலும் ஆணி வராது. சுருக்கமாகச் சொன்னால், எதிரில் இருப்பது மரமா வெறும் காற்றா என்று துவக்கு தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வது அந்த மூக்கால்தான்.

விற்ற கடைக்காரப் பையன் வந்து எல்லாம் காட்டினான். தினமும் வேலை தொடங்குமுன் காற்றுக் குழாயைக் கழற்று. மூக்கை அழுத்தி விடு, துள்ளி வெளியே வருகிறதா பார். காற்று நுழைகிற வாயில் சில சொட்டு எண்ணெய் விடு. ஆணி சிக்கினால் குழாயைக் கழற்றிவிட்டுத்தான் கை வை. நடக்கும்போது விசையில் விரல் வைக்காதே. கண்ணாடி போடு. நாங்கள் பவ்வியமாகத் தலையாட்டினோம். அவன் போன பிறகு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் சினிமாக்காரன் மாதிரி இருக்கிறேனா என்று கேட்டேன். அத்தோடு அந்தப் பாடம் முடிந்தது.

ஆயுத பூசை வந்தது. கொட்டகையில் பாதிப் பேர் தமிழ் ஆட்கள் என்பதால் ஹாஜியார் வருசா வருசம் தேங்காய், பழம், பூவுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வாசலில் நின்று பார்ப்பார். பூசை செய்வது நான். ஐயர் கிடைக்காத ஊரில் நான்தான் ஐயர். எங்களுக்குச் சோறு போடுகிற சாமான் என்று அந்த வருசம் துவக்குக்கு விசேசக் கவனிப்பு. குழைத்த சந்தனத்தை அள்ளி, மாப்பிள்ளைக்குப் பூசுகிற மாதிரி, மூக்கு முழுக்க அப்பினேன். மேலே குங்குமம். சுனில் சிங்கள ஆள். அவனே கொஞ்சம் தயங்கி, மூக்கு இப்படி அடைந்தால் மூச்சு எப்படி விடும் என்று கேட்டான். சாமி விடும் என்றேன்.

பூசையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. அடுத்த நாள் கற்பூரம் காட்டித்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் வைத்த பொட்டைத் துடைக்கமாட்டோம். தானாகவே உதிர வேண்டும், துடைத்தால் குற்றம். சுத்தியலில் பொட்டு இருந்தால் என்ன, அரிவாளில் இருந்தால் என்ன. அது அதற்குச் சரிதான். ஸ்பிரிங்கும் சந்தும் உள்ள சாமானுக்கு அது சரியா என்று நாங்கள் யோசிக்கவில்லை. ராத்திரி முழுக்கச் சந்தனமும் மரத்தூளும் சேர்ந்து காய்ந்து சிமெண்டு மாதிரி இறுகிவிட்டன.

காலையில் முதல் ஆணியை நான்தான் அடித்தேன். மூக்கு உள்ளே போனது. வெளியே வரவில்லை. நான் பார்க்கவும் இல்லை. துவக்கைத் தொங்கப் பிடித்துக்கொண்டு, விரலை விசையிலேயே வைத்துக்கொண்டு, பாதி அடித்த பேலட்டின் மேல் ஏறி அந்தப் பக்கம் போனேன். டப் என்று ஒரு சத்தம். அந்தக் கொட்டகையில் நாள் முழுக்கக் கேட்பது அந்தச் சத்தம்தான். யாரோ அடிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த அடி எடுத்து வைக்கப் போனேன். இடது கால் வரவில்லை. செருப்பில் எவனோ பசை ஊற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டே குனிந்தேன். சுனில் முகம் வெளுத்துப்போய் நின்றான்.

"லிங்கம் அண்ணே, அசையாதீங்க. ஆணி."

விரலுக்குப் பின்னால், பாதத்தின் மேல், ஆணித் தலை மினுங்கியது. ரப்பர் செருப்பு, கால், பலகை மூன்றையும் சேர்த்துத் தைத்திருந்தது. எனக்கு வலியே இல்லை. அதுதான் எனக்கு வந்த பெருமை. ஆணி பிடுங்குகிற கம்பியால் சுனில் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். நான் அவனுக்குத் தைரியம் சொன்னேன். இரத்தமும் பெரிதாக வரவில்லை. ஹாஜியார் ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். காரை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். நான் போகவில்லை. எனக்கு ஊசி என்றால் பயம். இவ்வளவு நீள ஆணியை வாங்கியவன் இத்தனூண்டு ஊசிக்குப் பயந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

வீட்டில் என் மனைவி புஷ்பம் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். அவளுக்குப் பயம் வரவில்லை. காரணம் இருந்தது. சில வருசத்துக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து, ஆப்பரேசன் செய்து பிழைத்து வந்தாள். அவள் பிழைத்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வருசா வருசம் தீ மிதிக்கிறேன் என்று நேர்ந்திருந்தேன். முதல் வருசம் ஓடினேன். நெருப்பு சுட்ட வேகத்தில் குழியைத் தாண்டிக் கோயிலையும் தாண்டி ஓடினேன் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அடுத்தடுத்த வருசம் நிதானம் வந்தது. கடைசி முறை, கடைக்குப் பாண் வாங்கப் போகிறவன் மாதிரி நடந்தேன். தோட்டமே கையெடுத்துக் கும்பிட்டது. அன்றிலிருந்து என் கால் வீட்டில் சாமி சாமான். தீயே தொடாத காலை ஆணியா ஏதும் செய்துவிடும் என்று புஷ்பம் சொன்னாள். நானும் தொடர்ந்து வேலைக்குப் போனேன்.

கொஞ்ச நாளில் வீட்டில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று புஷ்பம் சொன்னாள். அலமாரியை நகர்த்தினோம். கட்டிலைத் தூக்கினோம். அடுப்படித் தகரத்தைக் கழற்றினேன். எலியைத் தேடித் தேடி நான் எந்தப் பக்கம் போனேனோ அந்தப் பக்கமே நாற்றமும் வந்தது. கடைசியில் புஷ்பம் கையில் விளக்குமாற்றோடு அப்படியே நின்று என் காலைப் பார்த்தாள்.  கட்டை அவிழ்த்தோம். விரல்கள் கறுத்திருந்தன. எலி நான்தான்.

இரத்தோட்டை ஆஸ்பத்திரியில் பார்த்ததும் அம்புலன்சில் ஏற்றி மாத்தளைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சின்ன மெசினில் வைத்தார்கள். மெசினில் எண் வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குச் சீனி இருந்தால் அது அப்படித்தான் கையை விரிக்குமாம். எனக்குச் சீனி வருத்தம் இருப்பது அப்போதுதான் தெரியும். அதற்கு முன் என்னை யாரும் சோதிக்கவில்லை. நான் விட்டால்தானே சோதிப்பார்கள்.

சர்ஜரி வோர்ட்டில் ஒரு பெண் டொக்டர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவர் தமிழும் என் தமிழும் ஒன்றை ஒன்று பார்த்து வணக்கம் சொல்லிக்கொள்ளும், அவ்வளவுதான். கையில் ஒரு சின்னப் பிடி, அதன் நுனியில் விறைப்பான நைலோன் நூல். நான் பயந்த மாதிரி ஊசி இல்லை என்றதும் எனக்குச் சந்தோசம்.

"கண்ணை மூடுங்கோ. நான் தொடேக்க தெரியுதோ எண்டு சொல்லுங்கோ."

மூடினேன். காத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். தள்ளுவண்டி ஒன்று போனது. டொக்டர் ஏன் தாமதிக்கிறார் என்று நினைத்து, நான் தயார்தான், தொடங்குங்கள் என்றேன்.

"முடிஞ்சுது அண்ணை," என்றார். "இடது காலில எல்லா இடமும் தொட்டிட்டன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். இரத்தத்தில் சீனி கூடி வருசக்கணக்காக ஓடினால் நரம்புகள் கருகிவிடுமாம். முதலில் பாதத்தில், ஏனென்றால் அதுதான் ஆகத் தூரம். இரத்த ஓட்டமும் குறையும். நரம்பு கருகினால் வலி தெரியாது. வலி தெரியாவிட்டால் மனிதன் புண்ணோடு நடப்பான். நடக்க நடக்கக் கிருமி உள்ளே போகும். பிறகு வலது காலையும் தொட்டுப் பார்த்து, இடது காலில் உணர்வே இல்லை, வலது காலில் அங்கொன்றும் இங்கொன்றும் மிச்சமிருக்கிறது என்றார். எத்தனை நாளாகக் காலில் சூடு குளிர் தெரியவில்லை என்று கேட்டார்.

அந்த இடத்தில் எனக்குத் தீக்குழி ஞாபகம் வந்தது. பாண் வாங்கப் போகிறவன் மாதிரி நடந்த நடை. கையெடுத்துக் கும்பிட்ட ஆட்கள். வாய் நிறைய பகிடி வைத்திருக்கிறவன் நான். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. துவக்கின் மூக்குக்கு என்ன வருத்தமோ அதேதான் என் காலுக்கும். தொட்டால் தெரியவேண்டிய இடம் அடைத்துப்போய்விட்டது. அதற்குச் சந்தனம். எனக்குச் சீனி.

எக்ஸ்ரேயில் ஆணி போன இடத்து எலும்பை உளுத்த பலகை மாதிரி கிருமி அரித்திருந்தது. முதலில் தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். விரல்களையும் எடுத்தார்கள். இரத்தக் குழாயில் மருந்து ஏற்றினார்கள். பிறகு காத்திருப்பு. ஆஸ்பத்திரியில் பெரிய வேலை அதுதான். காலையில் இரத்தம் எடுப்பார்கள், மத்தியானம் வரை அதன் பதிலுக்குக் காத்திருப்பு. பெரிய டொக்டர் சுற்றி வரும் வரை காத்திருப்பு. மணியடித்துச் சொந்தக்காரர்களை விடும் வரை காத்திருப்பு.

பக்கத்துக் கட்டிலில் நாவுலயிலிருந்து வந்த பண்டா மாமா. வெங்காயமும் மிளகாயும் போடுகிற விவசாயி. அவருக்கும் சீனி, அவருக்கும் காலில் புண். வயலில் முள் குத்தியதாம். நாங்கள் சிங்களத்தில் பேசிக்கொள்வோம். உன் ஆணி பெரிதா என் முள் பெரிதா என்று போட்டி. வீட்டிலிருந்து அவருக்கு வருகிற சம்பலில் எனக்கும் ஒரு பங்கு வைப்பார். எனக்குக் காய்ச்சல் ஏறிய ராத்திரிகளில், தான் எழுந்து வர முடியாமல், கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டி மிஸ்ஸைக் கூப்பிட்டவர் அவர்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் கட்டிலுக்கும் ஆப்பரேசனுக்கும் பணம் இல்லை. ஆனால் வெளியே செய்கிற சில சோதனைகள், வாங்கிவரச் சொல்கிற சில மருந்துகள், புஷ்பத்தின் பஸ் காசு, எல்லாம் இருந்தன. ஹாஜியார் நான் கேட்காமலே புஷ்பத்தின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் அறிந்தேன்.

அவர் ஒரு மத்தியானம் தனியாக வந்தார். கையில் சீனி போடாத பிஸ்கட். வழக்கமாகச் சுகம் விசாரித்துவிட்டு, வேலையைப் பற்றி யோசிக்காதே என்று சொல்லிப் போகிறவர், அன்றைக்குப் போகவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"நான் பாத்தேன் லிங்கம். அடுத்த நாள் காலைல, நீங்க வேலைய தொடங்க முந்தி. மூக்குல சந்தனம் அடச்சி காஞ்சிருந்திச்சி. சொல்லத்தான் வந்தேன். உங்கட சாமிட விசயம், நான் வாய் வெக்கப்போய் மனசு நோகுமோன்னு திரும்பிட்டேன்."

அவர் கண் கலங்கியது. ஒரு முதலாளி என்னைப் பற்றி இப்படிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனால் என்ன பேசுவதென்று தெரியாமல், நீங்கள் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன் ஹாஜியார், எனக்கு அப்போது ஐயர் வேலை தலைக்கேறியிருந்தது என்றேன். அவர் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனார். படியிறங்கும்போது தொப்பியைப் போட மறந்திருந்தார்.

சுத்தம் செய்தும் கிருமி நிற்கவில்லை. காலில் சிவப்பு மேலே மேலே ஏறியது. ஒரு நாள் பெரிய டொக்டரும் யாழ்ப்பாணத்து டொக்டரும் சேர்ந்து வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே வரும், சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்றார்கள். கையெழுத்து நான் போட்டால் போதும். ஆனால் அந்தக் கால் என் ஒருவனுடையது இல்லை. அது புஷ்பத்துக்காக நேர்ந்த கால். அவளைக் கேட்காமல் கொடுக்க எனக்கு மனமில்லை.

அவள் முடியாது என்றாள். அழவில்லை, சத்தம் போடவில்லை, முடியாது என்றாள். அடுத்த நாள் கோயிலில் இருந்து விபூதியும் மஞ்சள் நூலும் கொண்டுவந்தாள். கட்டின் மேலேயே நூலைக் கட்டினாள். வருகிற திருவிழாவில் நான் மறுபடியும் இறங்குவேன் என்று அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். டொக்டர் இரண்டு முறை அவளோடு பேசினார். புஷ்பம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பிச் சொன்னாள்.

"தீயே தொடாத கால். இவங்களுக்கு என்ன தெரியும்?"

அன்றைக்குச் சிவப்பு முழங்காலை நெருங்கியிருந்தது. எனக்குக் குளிர் நடுக்கம். டொக்டர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். டொக்டர்கள் திட்டினால் நல்லது. சும்மா போனால்தான் பயம்.

மத்தியானம் மணியடித்தது. புஷ்பம் குரக்கன் பிட்டோடு வந்து உட்கார்ந்தாள். நான் சாப்பிடவில்லை. பகிடியாகத் தொடங்கலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. நேராகவே சொன்னேன்.

"புஷ்பம், தீ தொட்டுச்சு. எனக்குத்தான் தெரியல."

அவள் பிட்டைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

டொக்டர் நூலால் தொட்டதைச் சொன்னேன். முடிந்த பிறகும் நான் கண்ணை மூடிக் காத்திருந்ததைச் சொன்னேன். முதல் வருசம் நான் ஓடினேனே, அப்போதுதான் கால் நன்றாக இருந்தது, நிதானமாக நடந்த வருசமெல்லாம் கால் செத்துக்கொண்டிருந்தது என்றேன். அம்மன் ஒரு வேலையும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நான் யார். ஆனால் அந்த நடைக்கு அவள் பொறுப்பில்லை என்றேன்.

புஷ்பம் பிட்டை மூடி வைத்தாள். பண்டா மாமா, தமிழ் தெரியாவிட்டாலும், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"கொப்புளம் இருந்திச்சு," என்றாள் கடைசியில். "கடைசி திருவிழா முடிஞ்சு மஞ்சத்தண்ணி ஊத்தி கழுவினேனே, அப்ப பாத்தேன். காலடி பூரா. நீங்க வலிக்கலன்னீங்க. வலிய அம்மன் வாங்கிக்கிட்டான்னு நெனச்சேன். வெளிய சொன்னா தெய்வக்குத்தம்னு ஒருத்தருக்கும் சொல்லல."

கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, மஞ்சள் நூலை அவிழ்த்தாள். கட்டுக்குக் கீழே தெரிந்த குதிகாலைக் கையில் ஏந்தி, அதில் கன்னத்தை வைத்தாள். அவள் தோள் குலுங்கியது. குதிகால் நனைந்ததைப் பார்த்தேன். பார்த்ததால்தான் தெரியும். அவள் கன்னமும் கண்ணீரும் அங்கே இருந்தும், எனக்கு ஒன்றுமே வந்து சேரவில்லை. அந்தக் காலுக்காக நான் அழுதது அப்போது மட்டும்தான்.

பிறகு அவளே போய் டொக்டரைக் கூட்டிவந்தாள்.

ஆப்பரேசனுக்கு முதுகெலும்பில் ஊசி போட்டார்கள். அதைப் போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், ஆள் விழித்திருக்கலாம். ஊசி போட்ட டொக்டர் கால் மரத்துவிட்டதா என்று கேட்டார். இந்தக் காலுக்கு அந்த ஊசி போட்டுப் பல வருசமாகிறது சேர் என்றேன். பச்சைத் துணியை நடுவில் மறைத்துக் கட்டினார்கள். துணிக்கு அந்தப் பக்கம் வாள் சத்தம் கேட்டது. நான் மரம் அறுக்கிற ஆள். வாள் எங்கே இறுகுகிறது, எங்கே இளகுகிறது, எப்போது மறுபக்கம் வருகிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். அன்றைக்கு அந்தத் தொழில் தெரியாமல் இருந்திருக்கலாம்.

பிறகு வந்தது இன்னொரு கூத்து. இல்லாத கால் வலித்தது. விரல் எரிந்தது, குதிகால் குத்தியது, பாதம் முழுக்க நெருப்பில் நிற்கிற மாதிரி காந்தியது. நான் போர்வையைத் தூக்கிப் பார்ப்பேன். அங்கே கட்டில்தான் இருக்கும். காலை எடுத்தாலும் அந்தக் காலுக்கென்று மூளையில் இருக்கிற இடம் அப்படியே இருக்குமாம், அறுந்த நரம்பின் நுனி அதற்குத் தப்புச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்குமாம். டொக்டர் அதற்கும் மாத்திரை தந்தார். இருக்கும்போது ஒரு வார்த்தை பேசாத கால், போன பிறகு வாய் ஓயவில்லை. நேர்த்திக்கடன் பாக்கியை எல்லாம் இப்போதுதான் வசூலிக்கிறது என்று புஷ்பத்திடம் சொன்னேன். அவள் சிரிக்கப் பார்த்தாள்.

பண்டா மாமா எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனார். ஒரு விரலை மட்டும் கொடுத்துத் தப்பினார். போகும்போது, முள்தான் சின்னது, நீ வென்றாய் என்று சொல்லி என் தலையைத் தடவினார்.

இப்போது எனக்கு ஒரு மரக்கால் மாதிரி ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். மரமில்லை, பிளாஸ்டிக். மரமாயிருந்தால் நானே செய்திருப்பேன். ஹாஜியார் என்னை விடவில்லை. கொட்டகையில் கதிரை போட்டு உட்கார வைத்து, துவக்குகளைப் பார்க்கிற வேலை கொடுத்தார். காலையில் காற்றுக் குழாயைக் கழற்றுவேன். மூக்கை மரத்துண்டில் அழுத்தி விடுவேன். துள்ளி வருகிறதா பார்ப்பேன். சந்தில் இருக்கிற தூளைத் துணியால் எடுப்பேன். எண்ணெய் விடுவேன். கொம்பிரசரின் அடியில் சேர்ந்த தண்ணீரைத் திறந்து விடுவேன், அது போய்த் துவக்குக்குள் துருப்பிடிக்காமல் இருக்க. விசையில் விரலை வைத்துக்கொண்டு எவனாவது நடந்தால் ஒன்றும் சொல்லமாட்டேன். பிளாஸ்டிக் காலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவேன். விரல் தானாக எடுபடும்.

மறுபடி ஆயுத பூசை வந்தது. நான்தான் பூசை செய்தேன். குழாயைக் கழற்றி, ஆணியை எடுத்து, துவக்கை வெறுமையாக்கி வைத்தோம். பிடியில் ஒரு சின்னப் பொட்டு. வாசலில் நின்ற ஹாஜியார், யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்தார். குனிந்து மூக்கைப் பார்த்தார். விரலால் ஒரு முறை அழுத்தி விட்டார். அது துள்ளி வெளியே வந்தது. தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப வாசலுக்கே போனார்.

மிச்சம் இருப்பது வலது கால். சீனியைக் கட்டுப்படுத்தினால் அதைக் காப்பாற்றலாம் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். இனிப்பை விட்டேன். ஊசியும் போடுகிறேன், தினமும், நானே. யாழ்ப்பாணத்து டொக்டர் கடைசி நாளில் அந்த நைலோன் நூலில் ஒன்றைப் புஷ்பத்திடம் கொடுத்து, தொடுகிற விதத்தையும் காட்டியிருந்தார். புஷ்பம் அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். காலையில் நான் வேலைக்குப் போகுமுன் வாசலில் உட்காரச் சொல்வாள். பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். நான் களவாய்ப் பார்ப்பேன் என்று சேலைத் தலைப்பால் என் கண்ணைக் கட்டுவாள். டொக்டர் மாதிரியே யாழ்ப்பாணத் தமிழில் கேட்பாள். அது எங்கள் பகிடி.

நேற்றும் கட்டினாள். பெருவிரல் தெரிந்தது, சொன்னேன். விரலுக்குக் கீழே கொஞ்சம் தெரிந்தது, சொன்னேன். பிறகு அவள் கை பாதத்தின் நடுவுக்குப் போயிருக்க வேண்டும். நேரம் போனது. ரோட்டில் இரத்தோட்டை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு இறங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் காத்திருப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"தெரியுதோ?" என்றாள்.

"தெரியுது, தெரியுது. நல்லா தெரியுது."

 கண்ணில் கட்டியிருந்த சேலைத் தலைப்பு மெல்ல இளகியது. அவிழ்த்தபோது அவள் விளையாட்டுத் தமிழ் போய்விட்டிருந்தது.

"நான் இன்னும் தொடவே இல்லயேங்க."